காய்க்கும் மரமும் படரும் கொடியும்
(குன்றத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



முந்திரி மரம் வைத்திருப்போர் பலர் அதன்மேல் ஏறும் கொடியைப் பொருட்படுத்துவதில்லை. மகசூல் குறைந்தபின் மண்ணையும் மழையையும் நொந்துகொள்வர்.

முந்திரி, வெயில் படும் இளங்கிளைகளின் நுனியில் பூப்பது. கொடி அந்நுனிகளை மூடுமாயின் பூங்கொத்து குறையும். அது குறைந்தால் கொட்டையும் குறையும். அன்றியும், கொடியின் வேர் மரத்தின் வேரோடு நீருக்குப் போட்டியிடும். அதன் பாரத்தால் கிளைகள் காற்றில் முறியும்.

முந்திரியின் தாயகமான பிரேஸில் தேசத்திலே, ஆக்ரே மாநிலக் காடுகளில், பிரேஸில் கொட்டை மரங்களைக் கொண்டு இது சோதிக்கப்பட்டது. ஆராய்ச்சியாளர் சில மரங்களில் கொடியை அறுத்தும், சிலவற்றில் விட்டும், சுமார் பத்தாண்டு கணக்கெடுத்து 2014-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கொடி அறுத்த மரங்களே மிகுதியாகக் காய்த்தன. ஆயினும் பலன் உடனே தெரியவில்லை. சில ஆண்டுகள் சென்றே தெரிந்தது. ஆகையால் பொறுமை வேண்டும்.

அறுக்கும் முறை கொடிக்குக் கொடி வேறுபடும். நிலத்தில் வேரூன்றிய கொடியை அடியில் அறுத்தால் போதும். மேலே உள்ளதை இழுத்தால் மரக்கிளை முறியும். அது தானே உலர்ந்து உதிரட்டும். சீந்தில் அவ்வாறன்று. அடியை அறுத்தாலும் மேலிருந்து நூல் போன்ற விழுதுகளை இறக்கி மீண்டும் மண்ணைப் பற்றும். அவ்விழுதுகளையும் பின்னர்ப் பார்த்து அறுத்தல் அவசியம்.

கொத்தான் இன்னும் கொடியது. முளைத்து மரத்தைப் பற்றியதும் அதன் வேர் அற்றுப்போகும். பிறகு மரத்தின் சாற்றையே உறிஞ்சி வாழும். அதற்கு அடியென்பதே இல்லை. அது பற்றிய கிளைகளோடு அறுத்து, பழம் விடுமுன் எரித்துவிட வேண்டும். துண்டு எஞ்சினாலும் மறுபடி படரும்.

காட்டுக் கொடிகளையெல்லாம் அழிக்கச் சொல்கிறேன் என்று எண்ணற்க. அவை தேனீக்கும் பறவைக்கும் உணவாவன. சீந்திலும் பிரண்டையும் நமக்கும் உதவுவன. காய்க்கும் மரத்தில் ஏறியதை மட்டும் அறுத்தால் போதும்.

ஆனால் கொத்தான் வேலி பார்த்து நிற்பதில்லை. ஒருவர் தோட்டத்தைச் சுத்தம் செய்து, அடுத்தவர் விட்டுவிட்டால் உழைப்பு வீண். தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்கே, பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. கடனுக்குப் பொருந்திய முறை கொடிக்கும் பொருந்தும்.

எனவே, அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் தத்தம் மரங்களில் கொடியேறியவற்றை எண்ணி வாருங்கள். பருவமழைக்கு முன்னே, புரட்டாசியில் ஒரு நாள் குறித்து, வேலிக்கு இருபுறமும் எல்லோரும் சேர்ந்து அறுப்போமாக.