கஞ்சாவும் கச்சேரியும்
(வரதய்யபாளையம் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

"மாமா, கஞ்சா பிடிச்சா ராகம் இன்னும் ஆழமா கேக்கும்கறாளே?" என்றான் என் மருமான். நான் திட்டவில்லை. 1967 ஜூன் 18 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரி விழாவில் ரவிசங்கர் சுமார் மூன்று மணி நேரம் சிதார் வாசித்தார். தபேலா அல்லா ரக்கா. தம்புரா, லக்ஷ்மி சங்கரின் தங்கை கமலா. சபையில் போதைக்குக் குறைவில்லை. புகைக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டுதான் வாசித்தார்.

கஞ்சாவில் ஓசை பெரிதாகத் தோன்றலாம். பையன் சொல்வது முழுப்பொய் அல்ல. ஆனால் அது நேர உணர்வைக் குழப்பும், சற்றுமுன் கேட்டதை மறக்கடிக்கும். ஆலாபனையில் முந்தைய பிடி நினைவில் இருந்தால்தானே அடுத்தது ருசிக்கும்?

"தனி ஆவர்த்தனத்துக்கு நீங்க கேன்டீன் போறேளே?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஞாயிறு கச்சேரிக்கு இருவரும் போகிறோம். ஃபில்டர் காபி கிளம்புவதற்கு முன்பே!