கணவாயின் இருபுறத்துப் பறவைகள்



கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் இரயில் வண்டி, பாலக்காட்டுக் கணவாயை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. பிழைப்பை நாடி நம்மவர் எத்தனையோ பேர் அவ்வழியே சென்றிருக்கின்றனர். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அத்தாழ்நிலம், ஒரு சிறு பறவைக்குப் பல லட்சம் ஆண்டுகளாகக் கடக்க முடியாத எல்லையாக இருந்துவருகிறது. அப்பறவையே சோலைக்கிளி.

பெயரில் கிளி இருப்பினும் இது கிளியினத்தைச் சேர்ந்ததன்று. ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பாடும் பறவை. நீளம் சுமார் 15 செ.மீ. கால்கள் நீண்டவை. உயர்ந்த மலைகளின் குளிர்ந்த சோலைகளில், தரையிலே சருகுகளுக்கிடையே பூச்சிகளைத் தேடித் தின்னும். நிழலில் மறைந்தே திரிவதால், விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் எழும் அதன் சீழ்க்கைப் பாட்டைக் கேட்டே பெரும்பாலும் இருப்பிடத்தை அறிகிறோம்.

இதனை இனங்காண்பது எவ்வாறு? முதுகைக் கொண்டு முடிவு செய்யலாகாது. கணவாயின் இருபுறத்துப் பறவைகளுக்கும் முதுகு கருநீலமே. வயிற்றின் நடுவிலுள்ள வெளிறிய நிறத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். விலாப்புறத்தை நோக்க வேண்டும். வடக்கே நீலகிரியில் அது செம்பழுப்பாயிருக்கும். தெற்கே ஆனைமலை, பழனிமலை, இடுக்கியின் மூணாற்று மலைகள் ஆகியவற்றில் நீலச் சாம்பலாயிருக்கும். அங்கே கண்ணுக்கு மேலுள்ள வெளிறிய புருவக்கோடும் தெளிவாகத் தெரியும்.

நெடுங்காலம் அறிஞர் பலர் இவ்விரண்டையும் ஒரே இனமாகவே கருதினர். 2010ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வு, இப்பறவைகளைப் பிரித்த எல்லைகளுள் பாலக்காட்டுக் கணவாயே மிகப் பழமையானது எனக் காட்டியது. 2017இல் இவற்றுக்கு 'ஷோலிகோலா' என்னும் தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. நம் 'சோலை' என்னும் சொல்லே அதில் ஒலிக்கிறது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் வாழும் மூன்றாவது இனமும் அவ்வாண்டிலேயே பெயர் பெற்றது.

இவ்வேறுபாட்டை அறிவதால் பயன் யாது? தேயிலைக்கும், யூகலிப்டஸ், சீகை மரங்களுக்கும் இடமளித்துச் சோலைகள் சுருங்கிவிட்டன. ஒரே இனம் என்று எண்ணியவரை, நீலகிரியில் அழிந்தாலும் மூணாற்றில் உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம். இனி அதற்கு இடமில்லை. ஒரு மலையில் அழிந்த இனத்தின் இடத்தை மறுமலையிலிருந்து பறவை வந்து நிரப்பப்போவதில்லை.

ஆகவே, அடுத்த முறை ஊர் திரும்புகையில், வண்டியின் சன்னல் வழியே இருபுறத்து மலைகளையும் சற்று நோக்குங்கள். நமக்கு வழியான கணவாய் அச்சிறு பறவைக்குக் கடலாயிருக்கிறது. அதற்கு அந்தந்த மலையின் சோலையை விட்டால் வேறு புகலிடம் இல்லை.