நாய் சுருண்டு கிடந்தால் ஈறைப் பாருங்கள்

(தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவில் லயத்துக்குக் காவல் நிற்பது நாய்தான். அது இரண்டு நாள் சாப்பிடாமல் இஸ்தோப்பில் சுருண்டு கிடந்தால், "கண்ணூறு பட்டுருச்சு", "யாரோ நஞ்சு வச்சுட்டாங்க" என்கிறோம். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். எங்கள் வீட்டு நாய்க்குப் பாதி பனடோல் கொடுத்துவிட்டு, சம்பளம் வரட்டும் என்று காத்திருந்தோம். ஐந்தாம் நாள் செத்துப்போனது. பனடோலே நாய்க்கு நஞ்சாகலாம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் பக்கத்து லயத்து நாயும் அதே மாதிரிப் படுத்தது. அவர்கள் மிருக வைத்தியரிடம் கொண்டு போனார்கள். உண்ணியால் வந்த நோய் என்றார். அந்த நாய் பிழைத்தது.

ஆகவே முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். பெரும்பாலான நாய்களுக்கு ஈறு ரோஜா நிறமாக இருக்கும். இந்த நோயில் வெளிறும், சிலவேளை மஞ்சளாகும். உடம்பு கொதிக்கும். மூத்திரம் சாயத்தண்ணி போல் கறுக்கலாம். மூக்கால் இரத்தம் வரலாம். எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்று கண்டாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

உண்ணி தருவது ஒரே நோய் அல்ல. பபேசியா என்ற கிருமி இரத்தத்தின் சிவப்பு அணுக்களை உடைக்கும். எர்லிக்கியா வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான், ஆனால் மருந்து வேறு. அதனால்தான் துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். அதில் கிருமி தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. வைத்தியர் மற்ற அறிகுறிகளையும் பார்த்து முடிவு செய்வார்.

எர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்ளின் குளிசை, வழக்கமாக 28 நாள். சில நாளிலேயே நாய் வாலாட்டும். "சுகமாயிருச்சு" என்று நிறுத்திடாதீங்க, நோய் திரும்பும். பபேசியாவுக்கு அதன் வகையைப் பார்த்து ஊசியோ குளிசையோ தருவார்கள்.

உண்ணிக்குத் தேயிலைக்கு அடிக்கும் மருந்தையோ மண்ணெண்ணெயையோ பூசாதீங்க. நாய் நக்கும், பிள்ளைங்க தொடும். வேலையில்லாத நாளில் காதையும் விரலிடுக்கையும் பாருங்கள். சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நகத்தால் நசுக்க வேண்டாம். நாய் படுக்கும் சாக்கைக் கொதிதண்ணியில் போடுங்கள். சுவர் வெடிப்பைப் பூசி அடையுங்கள். இரத்தம் குடித்த பெண் உண்ணி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

எங்கள் நாய்க்கு நாங்கள் செய்யாததை உங்கள் நாய்க்கு நீங்கள் செய்யுங்கள்.