ஹெட் போல்ட்டை முடுக்கும் முறை



இன்று வள்ளத்து எஞ்சினைப் பற்றிப் பேசுவோம். விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை, அஞ்சுதெங்கு என்று திருவனந்தபுரம் கடற்கரை முழுவதும் இந்த எஞ்சின்கள் ஓடுகின்றன. 1980-களில்தான் இவை இங்கே பெருகின. அதற்கு முன்பு துடுப்பும் பாயும்தான். 1980-இல் தொடங்கிய மீனவர் கூட்டமைப்பான 'சிஃப்ஸ்', எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தி வந்திருக்கிறது.

கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் 52 நாள் டிராலர் படகுகளுக்குத் தடை. நம் வள்ளங்களுக்குத் தடை இல்லை. பெரிய அலை வருவதும் அப்போதுதான். முதலப்பொழியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பொழிமுகத்தில் வள்ளம் கவிழ்ந்து பலர் இறந்திருக்கிறார்கள். அங்கே மணலும் அலையும் சேர்ந்து ஆளைக் கொல்கின்றன. அந்த இடத்தில் எஞ்சினும் நின்றுபோனால்?

எஞ்சினைப் பிரித்து மறுபடி பூட்டும்போது, பிஸ்டன், ரிங் ஆகியவற்றைக் கவனமாகப் பார்க்கிறார்கள். கடைசியில் ஹெட்டை வைத்து, போல்ட்டை அவசரமாக முடுக்கிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது.

ஹெட் என்பது சிலிண்டரின் மூடி. உள்ளே நெருப்பு. பக்கத்திலேயே எஞ்சினைக் குளிர வைக்கக் கடல் தண்ணீர் ஓடுகிறது. இரண்டையும் பிரித்து வைப்பது மெல்லிய கேஸ்கட். அதை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்த வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் வாயு கசியும். இழுவை குறையும். உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகும்.

போல்ட் எப்படி அழுத்துகிறது? தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டைப் பாருங்கள். இழுத்தால் நீளும். நீண்டது சுருங்கப் பார்க்கும். அதனால்தான் முடியைப் பிடிக்கிறது. போல்ட்டும் அப்படித்தான். முடுக்கும்போது மயிரிழை அளவு நீளுகிறது. அந்த இழுப்புதான் ஹெட்டைப் பிடித்து வைக்கிறது. குறைவாக முடுக்கினால் இழுப்பு இருக்காது. மிஞ்சி முடுக்கினால் போல்ட் தொய்ந்துவிடும், இல்லையென்றால் முறியும். இந்த எஞ்சின்களில் பிளாக் அலுமினியம். மரையே பிய்ந்து வந்துவிடும்.

சரி, எவ்வளவு முடுக்குவது? "என் கைக்குத் தெரியும்" என்று சில மெக்கானிக் அண்ணன்மார் சொல்வார்கள். கை அனுபவம் பெரிதுதான். ஆனால் காலையில் இருக்கும் கை மாலையில் இருக்காது. ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடை தொங்கினால், அந்த முறுக்கு ஒரு கிலோகிராம்-மீட்டர். உங்கள் ஸ்பேனர் கால் மீட்டர் நீளம். நுனியில் 12 கிலோ அளவுக்கு இழுக்கிறீர்கள். முறுக்கு 3. அதே ஸ்பேனரில் பைப்பைச் செருகி அரை மீட்டர் ஆக்கி, அதே பலத்தில் இழுத்தால் 6! கைக்கு வித்தியாசமே தெரியாது. போல்ட்டுக்குத் தெரியும்.

அதனால் டார்க் ரெஞ்ச் வேண்டும். அதில் எண்ணை வைத்தால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று இழுக்கக் கூடாது. எந்த எண் வைப்பது? எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். எஞ்சினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தையும் படியுங்கள். கிலோகிராம்-மீட்டரில் 3 என்பது நியூட்டன்-மீட்டரில் ஏறக்குறைய 30. இரண்டையும் குழப்பினால் போல்ட் போய்விடும்.

நம் ஊரில் இன்னொரு எதிரி உப்பு. மரையில் உப்பும் துருவும் இருந்தால், நம் பலமெல்லாம் உராய்விலேயே போய்விடும். ரெஞ்ச் 'டிக்' என்னும், போல்ட் நீண்டிருக்காது. கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். துருவால் அரித்த போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். துளைக்குள் தண்ணீரோ எண்ணெயோ தேங்கக் கூடாது. அடைபட்ட துளையில் திரவம் நசுங்காது. போல்ட் இறங்க இறங்க பிளாக்கையே பிளந்துவிடும். மரையில் எண்ணெய் பூசலாமா என்பதையும் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பழைய கேஸ்கட்டை மறுபடி போடாதீர்கள். நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

அடுத்தது வரிசை. சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள் அல்லவா? நடுவில் அழுத்தி ஓரத்துக்குத் தள்ளுவோம். ஓரத்தை முதலில் ஒட்டினால் நடுவில் சுருக்கம் நிற்கும். ஹெட்டும் அதுபோலத்தான். நடு போல்ட்டில் தொடங்கி, எதிரும் புதிருமாக ஓரத்துக்குப் போக வேண்டும். ஒரே மூச்சில் முழு அளவுக்கு முடுக்கவும் கூடாது. முதல் சுற்றில் பாதி, அடுத்த சுற்றில் முழுசு என்று புத்தகம் சொல்லும் படிகளில் போக வேண்டும். கழற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அப்போது வரிசை தலைகீழ், ஓரத்திலிருந்து நடுவுக்கு.

சில எஞ்சின்களில் போல்ட் துளைக்குப் பக்கத்திலேயே 1, 2, 3 என்று எண் வார்த்திருக்கும். கரியைத் துடைத்துப் பாருங்கள். அதுதான் முடுக்கும் வரிசை. எத்தனையோ பேர் அதை ஏதோ கம்பெனி அடையாளம் என்றே நினைத்திருக்கிறார்கள்.

பூட்டி முடித்ததும் நேராகக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். தண்ணீர் நிறைந்த டிரம்மில் வைத்து ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்ப்பின் ரப்பர் கருகிவிடும். ஹெட்டின் ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள்.

இப்போது பலகையில் எட்டு வட்டம் வரைகிறேன். இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு. எட்டும் ஹெட் போல்ட்கள். முதலில் எது, அடுத்து எது? யாராவது வந்து எண் போடுங்கள்.