சீன வைத்தியமும் முகவாதமும்

முகத்தின் ஒரு பாதி திடீரெனச் செயலிழந்து, வாய் கோணி, கண் மூடாமல் நிற்கும் நோயை முகவாதம் என்கிறோம். வாதம் என்பது காற்று. சீன வைத்தியரும் காற்றையே காரணமாகக் கூறினர் என்பது வியப்புக்குரியது. குளிர்காற்று முகத்தில் உயிராற்றல் ஓடும் தடங்களில் புகுந்து அடைத்துவிடுகிறது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே வாயோரத்திலும் தாடையிலும் நுண்ணிய ஊசிகளைச் செருகுவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலும் ஒன்று. முகநோய்க்குக் கையில் ஊசியா? கையிலிருந்து முகத்துக்கு ஏறும் தடம் ஒன்று உண்டு என்பது அவர்கள் விடை. உள்ளுக்கோ, சுங் அரச மரபுக் காலத்துத் தூள் ஒன்று தருவர். தேள், பூஞ்சை பற்றி இறந்த பட்டுப்புழு, நச்சுடைய கிழங்கு ஒன்று ஆகியவை அதில் சேரும். நாமே வாங்கி உண்ணத்தக்கதன்று!

குணமாகிறதா? காரணம் புலப்படாமல் வரும் முகவாதத்தில் பத்துக்கு ஏழு பேர் மருந்தின்றியே சில மாதங்களில் தேறுகின்றனர். எனவே ஊசியின் பங்கை அளப்பது எளிதன்று. ஆய்வுகளும் இதுவரை உறுதி தரவில்லை. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரையின் பயனோ ஐயமற நிறுவப்பட்டது. ஆனால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஊசி வைத்தியரைத் தேடி அந்த மூன்று நாளைக் கழித்துவிடலாகாது. கையும் தளர்ந்து பேச்சும் குழறினால் அது மூளையைத் தாக்கிய பக்கவாதமாகலாம். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எவ்வைத்தியமாயினும், மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்திட்டு, இரவில் இமையை மூடி ஒட்டி வையுங்கள். இல்லையேல் கருவிழி புண்படும்.