ஆற்றின் பெயர் பெற்ற நச்சுயிரி

இன்று காங்கோ மக்களாட்சிக் குடியரசு எனப்படும் சயீர் நாட்டின் வடபுலத்தே யாம்புக்கு என்றோர் ஊர். 1976-ஆம் ஆண்டில் அங்குக் காய்ச்சலும் குருதிப்போக்குமாய் மக்கள் மடிந்தனர். நோயறியச் சென்ற முதல் அறிவியலாளர் அம்மண்ணின் மைந்தர் முயெம்பே. கையுறையின்றியே அவர் குருதி எடுத்தார். ஊசி குத்திய இடம் அடைபடாது வழிந்ததாம். அவர் பிழைத்தது வியப்பே!

நோயுற்ற துறவுப்பெண் ஒருவரைத் தலைநகர்க்கு உடனழைத்து வந்தார். அப்பெண்ணின் குருதி வெப்பக்காப்புக் குடுவையில் பெல்சிய நாட்டு ஆண்டுவெர்ப்பு நகர்க்குச் சென்றது. இரு குப்பிகளுள் ஒன்று உடைந்தே போய்ச் சேர்ந்தது. மின்னணு நுண்ணோக்கியில் புழுப்போல் நெளிந்த நீண்ட வடிவம் தெரிந்தது. 1967-இல் கண்ட மார்பர்க்கு நச்சுயிரியோ என ஐயுற்றனர். அதற்குரிய எதிர்ப்பொருள் இதனொடு பொருந்தாமையின், புதியதே என்று அமெரிக்க ஆய்வகம் தெளிந்தது.

பெரிதும் பரப்பியதோ மருத்துவமனை! காலையில் ஐந்தே ஊசிக்குழல்கள். புறநோயாளர் அத்துணைப் பேர்க்கும் அவையே. நோயுற்றோர் 318 பேர். மாண்டோர் 280 பேர்.

ஊர்ப்பெயரை இட்டால் அவ்வூர்க்கு வடு நிலைக்கும் என்றஞ்சி, தொலைவில் ஓடும் ஆற்றின் பெயரை இட்டனர். அம்மக்கள் மொழியில் இலெக்பாலா. பிரெஞ்சியர் நாவில் திரிந்து எபோலா. முயெம்பேயின் பெயரையோ, கண்டறிந்தோர் வரிசையில் உலகம் நெடுங்காலம் சொல்லவேயில்லை.