சட்டைப்பை கேம் பாய்
(நம் சங்கத்தின் குடும்ப விழாவில் பேசியது)

மாலையில் பெஞ்சில் உட்கார்ந்து நான் தட்டிக்கொண்டிருப்பது போன் இல்லை. "ஷேர் மார்க்கெட்டா சார்?" என்று செக்ரட்டரியே கேட்டுவிட்டார். டெட்ரிஸ் சார்!

1989-இல் நிண்டெண்டோ கம்பெனி ஜப்பானில் கேம் பாயை வெளியிட்டது. நாலு பென்சில் பேட்டரி, கலர் இல்லாத சின்னத் திரை. அந்த விளையாட்டுகளை ஓட்டும் சட்டைப்பை அளவுக் கருவிகள் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பேரன் லீவுக்கு வந்தபோது ஒன்று வாங்கினேன்.

நம் வசதிக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். மெனு எழுத்தைப் பெரிதாக்கினேன். பட்டன்களை இடம் மாற்றினேன். சத்தத்தை அடைத்தேன், அது வீட்டு உத்தரவு. முதலில் மாற்றவேண்டியதை மட்டும் விட்டுவிட்டேன்: கூடவே வந்த மெமரி கார்டு. மூன்றாம் மாதம் செத்துப்போனது. போக்கிமானில் மொத்தம் எட்டு பேட்ஜ். பேரன் ஏழு எடுத்து வைத்திருந்தான். அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

"தாத்தா, நீங்க பேங்க்லதானே இருந்தீங்க?" என்றான்.

தினமும் டே புக் டேலி ஆகாமல் வீட்டுக்கு வராதவன் நான்! அந்தக் காலக் கேட்ரிட்ஜ்களிலும் சேமிப்பைக் காத்தது உள்ளே இருந்த ஒரு பட்டன் பேட்டரிதான். அது தீர்ந்தால் எல்லாம் போச்சு. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வாங்கியவுடன் நல்ல கார்டு போடுங்கள். சேவ் ஃபோல்டரைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுங்கள். நான் ஞாயிறு காலை காபி முடிந்ததும் எடுக்கிறேன்.

பேரன் மே மாதம் வருகிறான். நான் இப்போது மூன்றாவது பேட்ஜில் இருக்கிறேன்.